எடுபடுகிற ஒரே குளிசை

என் கணவர் இறால் வளர்ப்பவர். பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிப் பக்கம் போகிற வீதியில் கொஞ்சத் தூரம் போய், களப்பை நோக்கி இறங்கினால் அவருடைய குளங்கள் வரும். எங்கள் வீடு தில்லையடியில். நான் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். மகள் கல்யாணம் முடித்துக் குருநாகலுக்குப் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவருடைய தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பிடும்போது அவர் சொல்கிற கதைகள்தான். எந்தக் குளத்தில் தண்ணீரின் நிறம் மாறியது, எந்தக் குளத்து இறால் தீனியைத் தொடவில்லை, இப்படி.

ஒருநாள் பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் சாரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தார். முழங்காலுக்குக் கீழே, எலும்பு துருத்திக்கொண்டிருக்கும் இடத்தில், கைலேஞ்சியால் ஒரு கட்டுப் போட்டிருந்தது. லேஞ்சி முழுவதும் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

"என்னது இது?"

"ஒண்டுமில்ல புள்ள. சக்கரத்துல கயிறு சுத்திக்கிட்டு. எடுக்க இறங்கினேன், தகடு கீறிட்டு."

குளத்துத் தண்ணீரை அடித்துக் காற்றேற்றும் சக்கரத்தைத்தான் சொன்னார். லேஞ்சியை அவிழ்த்துப் பார்த்தேன். கீறல் என்று அதைச் சொல்ல முடியாது. தோல் மடிந்து திறந்திருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. சேறு பட்ட காயம், அதுவும் சீனி வருத்தம் உள்ள மனிதர். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். அவர் கேட்கவில்லை. மாலையில் சந்தியிலுள்ள ஒரு டிஸ்பென்சரிக்குப் போய்க் கழுவிக் கட்டி, ஒரு ஊசியும் கப்சூலும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அடுத்த நாள் காலை வழமைபோல் குளத்துக்குப் போனார்.

கப்சூல் முடிந்தது. காயம் முடியவில்லை. காலின் கீழ்ப்பகுதி முழுவதும் வீங்கிப் பளபளத்தது. கட்டை மாற்றும்போது ஒருவித வாடை வரத் தொடங்கியது. அழுகல் வாடை இல்லை. பழுத்து அழியப்போகும் பழத்தின் வாடை போல, இனிப்பாக. கட்டுத் துணியில் லேசான பச்சை நிறம். அதைப் பார்த்த அன்று அவர் என்ன சொன்னாலும் கேட்கக்கூடாது என்று முடிவெடுத்து, ஓட்டோவுக்குச் சொல்லி, அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அன்றே வாட்டில் சேர்த்தார்கள்.

அங்கே அவரைப் பொறுப்பெடுத்த டொக்டர் ஒரு பெண். மட்டக்களப்புப் பக்கத்தவர். என் மகளைவிடக் கொஞ்சம் வயது கூடியவராக இருப்பார். வேகமாக நடப்பார், மெதுவாகக் கதைப்பார். காயத்தைத் திறந்து கழுவி, எலும்பின் மேல்பகுதியைச் சுரண்டி, அதில் கொஞ்சத்தைச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்த அன்று டொக்டர் இவருடைய கட்டிலுக்கு அருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டொக்டர்மார் உட்கார்ந்து கதைத்தால் நல்ல செய்தி இல்லை என்று எனக்கு ஒரு எண்ணம். என் கை தானாகவே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"எலும்புக்குள்ள கிருமி போயிட்டுது ஐயா. அதுவும் கொஞ்சம் பொல்லாத கிருமி. நாங்க வழமையாக் குடுக்கிற அன்டிபயோட்டிக் கனக்க இதுக்கு எடுபடாது. ஊசியாக் குடுக்கிறதுல ஒண்டு ரெண்டு எடுபடும். குளிசையா எண்டா ஒண்டே ஒண்டுதான்."

"அந்த ஒண்டு சரிதானே டொக்டர்?" என்று கேட்டார் இவர்.

"சரி. ஆனா எலும்பெண்டபடியா கன நாளைக்குக் குடிக்கோணும். ஒரு நேரமும் விடக்கூடாது. அதுவும் எடுபடாமப் போனா, பிறகு எங்களுக்கு வழி குறைவு."

அந்தக் கடைசி வாக்கியம் என்னுடனேயே வீட்டுக்கு வந்தது. அடுப்படியில் நிற்கும்போதும், வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதும் அது காதில் விழும். எடுபடாமல் போனால். எடுபடாமல் போனால் என்ன என்று நான் டொக்டரிடம் கேட்கவில்லை. சீனி வருத்தத்தில் காலை இழந்த இரண்டு பேர் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலுக்குப் போகும்போது அவர்கள் வீட்டு வாசலைக் கடந்துதான் இவர் போவார்.

ஊசி மருந்து முடிந்ததும் குளிசையுடன் வீட்டுக்கு அனுப்பினார்கள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அலுமாரியின் மேல் தட்டில் உடுப்புகளை ஒதுக்கிவிட்டு அதற்கென ஓர் இடம் செய்தேன். காலையில் பாண் வெட்டிக் கொடுத்து, குளிசையைக் கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை முன்னால் நிற்பேன். "நான் என்ன உன்ட வகுப்புப் புள்ளயா?" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. கட்டு மாற்றும் துணிகளையெல்லாம் வேறாக வைத்துக் கொதிக்கக் கொதிக்க அவித்தேன். கதவுப் பிடி, தண்ணீர்க் கோப்பை, அவருடைய தலையணை உறை என்று கண்ணுக்குத் தெரியாத ஒன்றை வீடு முழுவதும் துரத்திக்கொண்டிருந்தேன். கை தோல் உரிந்துபோகும்வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

அந்த நாட்களில்தான் கட்டாரிலிருந்து அவருடைய தம்பியின் குரல் செய்தி வந்தது. தம்பி அங்கே ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறான். வாப்பா மௌத்தான பிறகு இவர்தான் அவனை வளர்த்தவர். அண்ணனை அவன் நானா என்றுதான் கூப்பிடுவான். நானா ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் வேலைக்கு நடுவில் தொலைபேசியில் எடுத்து எடுத்துக் கேட்பான். வர முடியவில்லையே என்று அழுவான். அன்று அவன் குரலில் ஓர் உற்சாகம் இருந்தது.

"நானா, ஒரு விசயம் வாசிச்சேன். மருந்து எடுபடாத கிருமிக்கு சின்க் மாதிரி மினரல் சேத்துக் குடுத்தா பழைய மருந்தே திரும்ப எடுபடுமாம். ஆராய்ச்சி செஞ்சு கண்டுபிடிச்சிருக்காங்க. இங்க நல்ல மினரல் குளிசை இருக்கு. சின்க், மெக்னீசியம், கல்சியம் எல்லாம் சேந்தது. நம்மட ஆள் ஒருத்தர் லீவுல வாறாரு, குடுத்து விடுறேன். கட்டாயம் குடிங்க நானா."

இவர் அந்தச் செய்தியை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார். முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"சரியாத்தான் சொல்றான்" என்றார். "இறாலுக்கும் அப்படித்தானே? ஓடு கழட்டுற நேரத்துல தண்ணில மினரல் இல்லாட்டி அதுக்குத் தாக்குப்புடிக்க ஏலாது. நாம என்னத்தப் போட்டாலும் எடுபடாது. மினரலப் போட்டாத்தான் மத்ததெல்லாம் வேலை செய்யும். எத்தின வருசமா மூட்டை மூட்டையாக் கொட்டுறேன், எனக்குத் தெரியாதா?"

போத்தல் வந்து சேர்ந்தது. பெரிய வெள்ளைப் போத்தல். குளிசைகள் என் சுண்டுவிரல் நுனி அளவு தடிப்பாக இருந்தன.

"அடுத்த கிளினிக்ல டொக்டர்ட்ட ஒருக்காக் கேட்டுட்டுக் குடிப்போமே" என்றேன்.

"இது மருந்தா புள்ள? சத்துக் குளிசை. முருங்கைக்கீரை தின்னவும் டொக்டர்ட்ட கேக்கோணுமா?"

அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக் குளிசையையும் தம்பி அனுப்பிய குளிசையையும் ஒரே உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வேறு வேறாகக் குடித்தால் என்ன என்று கேட்டேன்.

"ரெண்டும் வயித்துக்குள்ள ஒண்டாச் சேந்தாத்தானே சேந்து வேலை செய்யும்?"

அதில் ஒரு நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பாடசாலை இடைவேளையில் என் தொலைபேசியில் தேடிப் பார்த்தேன். தம்பி சொன்னதைப் போலவே சில கட்டுரைகள் வந்தன. உலோகங்கள், அன்டிபயோட்டிக், மருந்துக்கு அடங்காத கிருமிகள் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் விளங்கவில்லை. விளங்கியவரை நம்பிக்கை தருவதாகவே இருந்தது. நான் படித்ததும் இலக்கியம், கற்பிப்பதும் இலக்கியம். இந்த விசயத்தில் எதை நம்புவது, எதை விடுவது என்று தீர்மானிக்கிற அறிவு என்னிடம் இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்ததால்தான் பயம் போகவில்லை. அடுத்த கிளினிக் வந்த நாளில் பாடசாலையில் பரீட்சை. விடுமுறை எடுக்க முடியவில்லை. "டொக்டர்ட்ட மறக்காமச் சொல்லுங்க" என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பினேன். பகல் வந்து கேட்டபோது, "சனக்கூட்டம், காயத்தப் பாத்தாங்க, நல்லம் எண்டாங்க, வந்துட்டேன்" என்றார்.

ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆஸ்பத்திரியில் ஏற்றிய ஊசியின் பலன் உடம்பில் இருந்திருக்க வேண்டும். அது அப்போது எங்களுக்குத் தெரியாது. அவருக்குப் பசி எடுத்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்குப் போனார். தம்பியை அழைத்து, "உன்ட குளிசை நல்ல குளிசைடா" என்று சொன்னார். அந்தப் பக்கம் அவன் சிரிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நானாவுக்கு ஏதோ செய்ய முடிந்தது என்ற சந்தோசம் அவனுக்கு.

பிறகு ஒரு காலை, கட்டை அவிழ்த்தபோது துணி ஈரமாக இருந்தது.

கொஞ்ச ஈரம்தான். காயத்தின் கீழ் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு ஒரு துளை திறந்திருந்தது. நான் துணியை மூக்கருகே கொண்டுபோனேன். அந்த இனிப்பு வாடை. 

"திரும்பக் கசியுது" என்றேன்.

"நேத்துக் கனக்க நடந்துட்டேன். அந்த நீர்தான்."

"வாடை வருது."

"உனக்கு எப்பவும் வாடைதான்." குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்குப் பின்னால் பயம் இருந்தது. இத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்த பிறகு அதுகூடத் தெரியாதா எனக்கு?

அன்று நான் பாடசாலைக்குப் போனேன். எந்த வகுப்பில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குளிசை தவறவில்லை. ஒரு நேரம்கூடத் தவறவில்லை. நானே கையில் வைத்துக் கொடுத்தேன், விழுங்குவதைப் பார்த்தேன். அப்படியிருந்தும் கசிகிறது என்றால், அந்த ஒரே குளிசையும் எடுபடாமல் போய்விட்டது என்றுதானே அர்த்தம்? பாடசாலை முடிந்து வரும்போது ஒழுங்கையின் முனையில், கால் இழந்த அந்த இரண்டு பேரில் ஒருவர் வாசலில் உட்கார்ந்து சலாம் சொன்னார். பதில் சலாம் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

வீட்டில் அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். வெளியே வெயில் கொளுத்துகிறது, அவருக்குக் குளிர்கிறது. நெற்றியைத் தொடவே தேவையில்லை. பக்கத்தில் நின்றாலே சூடு தெரிந்தது. ஓட்டோவுக்குச் சொன்னேன். உடுப்புப் பையை எடுக்கும்போது அலுமாரித் தட்டில் இருந்த இரண்டையும், ஆஸ்பத்திரிக் குளிசைப் பக்கெட்டையும் தம்பியின் வெள்ளைப் போத்தலையும், கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

டொக்டர் காயத்தைப் பார்த்தார். துளையைச் சுற்றி விரலால் மெல்ல அமர்த்தினார். இவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"குளிசை ஒழுங்காக் குடிச்சீங்களா ஐயா?"

"ஒரு நேரமும் விடல்ல டொக்டர்."

"ஓம் டொக்டர், நான்தான் குடுத்தேன்" என்றேன்.

"வேற ஏதும் மருந்து? நாட்டு மருந்து, சத்துக் குளிசை, ஏதும்?"

"இல்ல டொக்டர்" என்றார் இவர்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று பிறகு கேட்டிருக்கிறேன். தம்பியை யாரும் குறை சொல்லக் கூடாது என்று அந்த நிமிடத்தில் தோன்றியதாம். எனக்கு அந்த நிமிடத்தில் அதெல்லாம் தெரியாது. கைப்பையைத் திறந்து வெள்ளைப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை.

டொக்டர் போத்தலைத் திருப்பி, பின்பக்கத்து எழுத்தை வாசித்தார்.  "இத எப்ப குடிக்கிறீங்க?"

"காலையில" என்றேன். "அந்தக் குளிசையோட சேத்து. இரவைக்கும் அப்படித்தான்."

"ஒண்டாவா?"

"ஒண்டாத்தான்."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஏசப் போகிறார் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"ஆர் சொன்னது இத?"

 நான்தான் தம்பி வாசித்ததைச் சொன்னேன். டொக்டர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார்.

"தம்பி வாசிச்சது பொய்யில்ல டீச்சர். சின்க், பிஸ்மத் மாதிரி உலோகங்கள மருந்தோட சேத்து, எடுபடாத கிருமிய அடக்கலாமா எண்டு உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்குது. ஆய்வுகூடத்துல சிலது நல்லா வேலை செய்யுதெண்டும் சொல்றாங்க. ஒருநாள் எங்களுக்கும் அது கையில வரலாம். ஆனா அது வேற சேர்மானம், வேற அளவு, கிருமிக்குள்ள போற மாதிரிச் செஞ்சது. கடையில விக்கிற இந்தக் குளிசை அந்த வேலையச் செய்யாது."

"செய்யாட்டிப் பரவாயில்ல, கெடுதி இல்லதானே?" என்று இவர் கேட்டார்.

"மத்த மருந்து கனக்கத்துக்குப் பெரிசாக் கெடுதியில்ல ஐயா. உங்களுக்குத் தந்த மருந்துக்குத்தான் கெடுதி. இந்தக் கல்சியம், மெக்னீசியம், சின்க் எல்லாம் வயித்துக்குள்ள அந்த மருந்தப் பிடிச்சுக் கொள்ளும். பிடிச்சா அது குடலால ரத்தத்துக்குப் போகாது. அப்படியே வெளிய போயிடும்."

இவர் மேசையில் இருந்த வெள்ளைப் போத்தலைப் பார்த்தார்.

"அப்ப நான் இவ்வளவு நாளும் மருந்தே குடிக்கல்லயா?"

"குடிச்சீங்க. காலுக்குப் போய்ச் சேர்ந்தது கொஞ்சமாத்தான் இருக்கும்."

இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "குளத்துக்குக் குளோரின் அரைகுறையாப் போட்ட மாதிரி" என்றார். "சாகாம மிஞ்சினதுதான் பிறகு பெருகும்."

"அதுதான் எனக்கும் பயம்" என்றார் டொக்டர். "கொஞ்சம் கொஞ்சமாப் போன மருந்துக்குக் கிருமி பழகியிருந்தா, அந்தக் குளிசையும் இனி எடுபடாது. பழகாம இருந்தா தப்பினோம். திரும்பச் சோதிக்கோணும். அதுவரைக்கும் ஊசி. இண்டைக்கே வாட்டுக்கு வாங்க."

அவரை மறுபடியும் சேர்த்தார்கள். மறுபடியும் காயத்தைத் திறந்து எலும்பைச் சுரண்டினார்கள். முடிவு வர நாள் எடுக்கும் என்றார்கள். கிருமியை வளர விட்டு, ஒவ்வொரு மருந்தாக அதன் பக்கத்தில் வைத்து, எதற்கு அடங்குகிறது என்று பார்க்க வேண்டுமாம். எங்கோ ஓர் அறையில், ஒரு சிறிய தட்டில், என் கணவரின் காலைத் தின்கிற ஒன்றை வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைக்க உடம்பு கூசியது. அது அந்தக் குளிசைக்கு அடங்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆக் கேட்டேன். ஒரு குளிசைக்காக அவ்வளவு உருகி நான் அல்லாஹ்விடம் கேட்டதில்லை.

இவர் என்னோடு கதைக்கவில்லை. பாடசாலை விட்டதும் சோறும் மீன் ஆணமும் கட்டிக்கொண்டு போவேன். சாப்பிடுவார். தண்ணீர் கேட்பார். மற்றப்படி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். டொக்டருக்கு முன்னால் அவரைப் பொய்யனாக்கிவிட்டேன் என்ற கோபம் என்று நினைத்தேன். நான் செய்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும், அந்த முடிவு கெட்டதாக வந்தால், கடைசியாக எங்களுக்குள் இருந்தது இந்த மௌனமாகத்தான் இருக்குமோ என்று ஒரு பயம். பயத்துக்கு மேல் இன்னொரு பயம்.

ஒரு மாலை, பார்வையாளர் நேரம் முடிய மணி அடித்துவிட்டார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"புள்ள" என்றார்.

திரும்பினேன்.

"நீ அதக் காட்டாட்டி நான் சொல்லியிருக்க மாட்டேன். திரும்பவும் வீட்ட போய்க் குடிச்சிருப்பேன்." ஜன்னலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். "தம்பிக்குச் சொல்லாத. அவன் தாங்க மாட்டான்."

"சொல்லாம எப்படி? அவன் இன்னும் அனுப்புவானே."

"அனுப்பட்டும். வாங்கி வைப்போம்."

"அவனுக்குத் தெரிஞ்ச ஆருக்கும் இதே மாதிரி அனுப்பினா?"

 மணி மறுபடியும் அடித்தது. தாதி வந்து, "டீச்சர், நேரமாச்சு" என்றார். நான் அவருடைய பெருவிரலை ஒருமுறை பிடித்துவிட்டு வெளியே வந்தேன்.

தம்பிக்கு நான்தான் சொன்னேன். அவன் வேலை முடிந்து அறைக்கு வந்திருந்த நேரம். நேராகச் சொன்னால் உடைந்துபோவான் என்று முதலில் டொக்டர் சொன்னதைச் சொன்னேன். அவன் வாசித்தது பொய்யில்லை, அப்படி ஆராய்ச்சி உண்மையிலேயே நடக்கிறது என்று. பிறகு மற்றதைச் சொன்னேன்.  

"நான்தான் மதினி நானாட காலக் கெடுத்தது?"

"அப்படிச் சொல்லாத. சோதனை முடிவு இன்னும் வரல்ல."

"நான் வாசிச்சதுல அப்படி ஒரு இடத்துலயும் போடல்லயே மதினி. சேந்து குடிக்கக் கூடாதெண்டு ஒரு இடத்துலயும் போடல்ல." அவன் குரல் உடைந்தது. "நான் விளங்காம வாசிச்சிட்டேன்."

"நானும்தான் வாசிச்சேன். எனக்கும் விளங்கல்ல" என்றேன். அவனுக்கு ஆறுதலாகச் சொன்னதல்ல அது. உண்மை அதுதான்.

முடிவு வந்த நாள் பாடசாலையில் இருந்தேன். பாடத்தின் நடுவில் தொலைபேசி அதிர்ந்தது. வகுப்பில் தொலைபேசி எடுக்கும் பழக்கம் எனக்கு இல்லை. அன்று எடுத்தேன். பிள்ளைகள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். இவர்தான் பேசினார்.

"இன்னும் எடுபடுமாம் புள்ள."

"எது?"

"குளிசைதான். கிருமி பழகல்லயாம். டொக்டர் இப்பதான் வந்து சொல்லிட்டுப் போறாங்க."

அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று தெரியவில்லை. முன் வாங்கில் இருந்த பிள்ளை எழுந்து எனக்குத் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டியது. வாங்கி இரண்டு மிடறு குடித்தேன்.

ஊசி முடிந்து மறுபடியும் குளிசையுடன் வீட்டுக்கு வந்தார். இந்த முறை டொக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். சத்துக் குளிசை வேண்டவே வேண்டாம். பாலும் தயிரும் குளிசை குடிக்கிற நேரத்துக்குக் கிட்டவும் வரக் கூடாது. வயிற்றெரிவுக்குக் கடையில் வாங்குகிற மருந்துகூட அவரிடம் கேட்காமல் குடிக்கக் கூடாது. இவர் பாடம் கேட்கும் பிள்ளை போலக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் பால் தேத்தண்ணி குடித்துப் பழகியவர் வெறும் தேத்தண்ணிக்கு மாறினார். முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார். ஒரு நாளும் மாற்றிக் கேட்கவில்லை.

இடையில் நோன்பு வந்தது. நோன்பு பிடிக்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். சீனி வருத்தமும் எலும்புக் கிருமியும் சேர்ந்த உடம்பு அது. நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் பகலில் சாப்பிட அவருக்கு வெட்கமாக இருந்தது. தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, எவருக்கும் சத்தம் கேட்காமல் சாப்பிடுவார். நோன்போடு பக்கத்தில் இருந்து நான் பரிமாறுவேன். "மறுகா உடம்பு சரியானா எல்லாத்தையும் கழா செய்யோணும்" என்பார் ஒவ்வொரு நாளும், விட்ட நோன்புகளைப் பிறகு பிடித்துத் தீர்ப்பதைப் பற்றி. இன்ஷா அல்லாஹ் என்பேன்.

பெருநாள் கழிந்து சில கிளினிக் போன பிறகு காயம் மூடியது. கறுத்த, பளபளப்பான, காகிதம் போல மெல்லிய தோல். எலும்பைப் படம் பிடித்துப் பார்த்த டொக்டர், இனிக் குளிசை வேண்டாம் என்றார். இவர் அந்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டார், அப்போதே குளத்துக்குப் போகப் போகிறவர் போல.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. "திரும்ப வராதே டொக்டர்?"

"வராது எண்டு நான் எழுதித் தர மாட்டேன் டீச்சர். எலும்புக்குள்ள ஒளிஞ்சிருந்து வருசம் போயும் வரலாம். வராமலும் விடலாம். சீனியக் கட்டுப்பாட்டுல வெச்சிருங்க. சின்னச் சூடு, சின்ன வீக்கம் எண்டாலும் உடனே வாங்க."

மருந்து குடித்த காலம் முழுவதும் பயந்துகொண்டிருந்தவள், மருந்தை நிறுத்திய பிறகு அதைவிடப் பயந்தேன். அந்தக் குளிசை இருக்கும்வரை எங்களுக்கும் கிருமிக்கும் நடுவில் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருந்தது. இப்போது அந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அலுமாரித் தட்டில் மறுபடி உடுப்புகளை அடுக்கிவிட்டேன். அடுக்கினாலும் கண் அங்கேதான் போகும்.

அவர் குளத்துக்குப் போகத் தொடங்கினார். முழங்கால் வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் போகிறார். தண்ணீருக்குள் இறங்குகிற வேலையை இப்போது வேறு ஆட்கள் செய்கிறார்கள். கரையில் நின்று அவர் போடுகிற சத்தம் வீதி வரைக்கும் கேட்கிறதாம். கொஞ்சம் தாண்டித் தாண்டி நடக்கிறார். தம்பி லீவில் வந்தபோது நானாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "இந்தக் காலுதான் நடக்குதேடா, என்னத்துக்கு அழுறாய்?" என்று இவர் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து குளத்தைப் பார்க்கப் போனார்கள்.

ஒவ்வொரு காலையும் சுபஹு தொழுதுவிட்டு வந்து, அவர் எழும்புவதற்கு முன்னால், அந்தக் காலின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். மற்றக் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப இதைத் தொடுவேன். இரண்டும் ஒரே சூடுதானா என்று. சில நாள் இது கொஞ்சம் கூடச் சுடுவதுபோல இருக்கும். கையைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்ப்பேன். அப்படி வைத்த ஒரு நாள் அவர் விழித்துக்கொண்டார்.

"என்ன புள்ள, கை இப்படிக் குளிருது? உனக்கென்ன செய்யுது?"

ஒன்றுமில்லை என்றேன். அவர் எழுந்து உட்கார்ந்து, என் கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினார். பிறகு தேத்தண்ணி கேட்டார்.